வீட்டுப் பட்டறையில் எம்4 ஏர்சாஃப்ட்: 275 மி.மீ. பரல், முழு சிலிண்டர், 11.1 வோல்ட்

வடலி (லண்டன்)

வணக்கம் அண்ணையவை. கடையில முழுசா வாங்காமல், பாகம் பாகமாச் சேர்த்து ஒரு எம்4 ஏ.இ.ஜி. (பேட்டரி மோட்டரில ஓடி, பிளாஸ்டிக் உருண்டை சுடுற விளையாட்டுத் துவக்கு) கட்டப் போறன். கையில கிடக்கிற சாமான்: நைலான் ரிசீவர், 8 மி.மீ. புஷிங்குக்கான (கியர் தண்டு சுத்துற வளையம்) வி2 கியர்பாக்ஸ் வெறுங்கூடு, 18:1 கியர் செட், ஓட்டை இல்லாத முழு சிலிண்டர், முழு இரும்புப் பல் பிஸ்டன், எம்100 ஸ்பிரிங், 22 டி.பி.ஏ. (ஆர்மேச்சர் கம்பிச் சுத்து) மோட்டர், 275 மி.மீ. நீள, 6.03 மி.மீ. உள்விட்டப் பரல், 11.1 வோல்ட் லைப்போ பேட்டரி, மோட்டரைச் சட்டெண்டு நிப்பாட்டுற பிரேக் இல்லாத சாதாரண மாஸ்ஃபெட் (மின் சுவிட்ச் போர்டு).

ஆட்டோவில் (விடாமல் தொடர்ந்து சுடுறது) 350 எஃப்பிஎஸ் (நொடிக்கு அடி) வரைக்கும் விடுற மைதானத்தில விளையாடத்தான். 0.28 கிராம் பிபி (சுடுற உருண்டை) போடுவன். கேள்வி மூண்டு:

கியர்பாக்ஸை எந்த ஒழுங்கில கட்டுறது, பல்லு உடையாமல் இருக்க எதைக் கவனிக்கோணும்?
வீட்டில கட்டுற துவக்கைக் கறுப்பாவே வச்சிருக்கலாமோ, இல்லாட்டி நிறம் அடிக்கோணுமோ?
ஹேண்ட்கார்டை (பரலைச் சுத்தின முன்கைப்பிடி) 3டி பிரிண்டரில அடிச்சால் தாங்குமோ?

திருகாணி

தம்பி, ரெண்டாவது கேள்விக்கு முதல் பதில். அதுக்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தூக்கவேணும்.

2006ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தின்ர 36ஆம் பிரிவு விற்கிறவையை மட்டும் பிடிக்கிற சட்டம் இல்லை. அசல் மாதிரியே தெரியிற போலித் துவக்கைச் செய்யிறது, நிறம் அடிச்சதை அசல் மாதிரி மாத்துறது, விற்கிறது, கிரேட் பிரிட்டனுக்குள்ள கொண்டு வாறது, நாலுமே குற்றம். பாகங்களைப் பூட்டிக் கறுப்பு எம்4 ஆக்கிறது செய்யிறதுக்குள்ள வரும். நீலமும் கறுப்புமா வாங்கின துவக்கைக் கறுப்பா ஸ்பிரே அடிக்கிறது மாத்துறதுக்குள்ள வரும். கனபேர் அதை வெறும் பெயின்ட் வேலை எண்டு நினைக்கினம்.

2007இல வந்த ஒழுங்குவிதிகள் ஏர்சாஃப்ட் ஆடுறவைக்கு ஒரு எதிர்வாதம் குடுக்குது: மூன்றாம் தரப்புக் காப்புறுதி உள்ள ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்காகச் செய்தது எண்டு காட்டக்கூடியதா இருக்கவேணும். யூகாரா எண்டது சட்டம் இல்லை, வியாபாரிகள் நடத்துற பதிவேடு. ஆனால் அந்த எதிர்வாதத்தைக் காட்ட இருக்கிற சுகமான வழி அதுதான். ஒரு மைதானத்தில 56 நாளுக்குக் குறையாத இடைவெளிக்குள்ள மூண்டு ஆட்டம் ஆடிப்போட்டுப் பதியலாம், வருசா வருசம் புதுப்பிக்கவேணும். பதிவு இல்லாட்டி, இப்போதைக்கு ரிசீவரையும் ஹேண்ட்கார்டையும் பளிச்செண்ட சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் இதில ஒண்டாக் கட்டுங்கோ. துவக்கின்ர பிரதான நிறமே அதுவா இருக்கவேணும். முனையில மட்டும் செம்மஞ்சள் பூசுறது இஞ்ச போதாது.

அடுத்தது சக்தி எல்லை. ஒரு தரம் இழுக்க ஒண்டுக்கு மேல சுடக்கூடியது எண்டால் 1.3 ஜூல், ஒவ்வொண்டாச் சுடுறது மட்டும் எண்டால் 2.5 ஜூல். அதைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில அது ஏர்சாஃப்டே இல்லை. இந்த எல்லை 0.20 கிராம் பிபிக்கு எண்டு எழுதி வைக்கேல்லை. நீங்கள் போடுற பிபி எவ்வளவு நிறையோ அதிலதான் அளக்கவேணும்.

கணக்கு இப்பிடி. 0.20இல 350 எஃப்பிஎஸ் எண்டால் 1.14 ஜூல். அதே 1.14 ஜூல் 0.28இல 296 எஃப்பிஎஸ்ஸா வரவேணும். 0.28இல 316 வந்தால் 1.3 ஜூல் எல்லையில நிக்கிறியள்.

உங்கட பட்டியலில எனக்குப் பிடிக்காத ஒரு சோடி கிடக்கு: முழு சிலிண்டரும் 275 பரலும். சிலிண்டர் உள் விட்டம் 23.8 மி.மீ., பிஸ்டன் ஓட்டத்தோட பெருக்கினால் காற்று சுமார் 24 சி.சி. உங்கட பரலுக்குள்ள 7.9 சி.சி. தான். விகிதம் மூண்டுக்கு ஒண்டு. 363 மி.மீ. பரல் எண்டால் 10.4 சி.சி., விகிதம் 2.3. காற்று மிஞ்சினால், பாரமான பிபி பரலுக்குள்ள கூட நேரம் நிண்டு கூடச் சக்தியை வாங்கிக்கொண்டு போகும். 0.20இல சரியா நிக்கிற துவக்கு 0.28இல எல்லை தாண்டுறது அதாலதான். முக்கால்வாசியில ஓட்டை உள்ள சிலிண்டர் ஒண்டு வாங்குங்கோ, 18 சி.சி. அளவில வரும்.

இன்னொண்டு: அசல் துவக்கின்ர பரல், போல்ட், ரிசீவர் எதையும் அழகுக்காகக்கூடப் பூட்டவேண்டாம். அவை தனித்தனியாவே துவக்குப் பாகம் எண்டு சட்டத்தில கணக்கு.

கருங்காலி

கியர்பாக்ஸ் பத்தி நான் சொல்றேன். வி2 கூட்டில் பலர் அவசரப்பட்டு ஷிம் (கியர் தண்டில் மாட்டற மெல்லிய வளையம்) போட ஆரம்பிச்சிடறாங்க. அதுக்கு முன்னாடி கூட்டையே தயார் பண்ணணும்.

சிலிண்டர் தலை உட்காரும் முன்பக்க ஜன்னலின் ரெண்டு மூலையும் கூர்மையா இருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் அங்கேதான் அடிக்குது, விரிசலும் அங்கேதான் பிறக்குது. சின்ன வட்ட அரம் வச்சு அந்த மூலைகளை 1.5 முதல் 2 மி.மீ. வளைவா உருட்டிடுங்க. அரப்பொடி ஒரு துளிகூட உள்ளே இருக்கக்கூடாது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல கழுவிக் காய வைங்க.

புஷிங் எல்லாமே ஸ்டீல், பேரிங் வேண்டாம். எம்100 ஸ்பிரிங் இழுக்கும் வேலைக்குச் சின்ன பேரிங்கின் உருளை சிதறினா மொத்த கியரையும் தின்னுடும். புஷிங்கைக் கூட்டில் அழுத்தி நேரா உட்கார வச்சு, வெளி விளிம்பில் மட்டும் ஒட்டுங்க. பசை காயறதுக்கு முன்னாடி கியர் தண்டு ரெண்டு பக்கமும் சுலபமா போகுதான்னு பாருங்க. சாய்ந்து ஒட்டின புஷிங்கை எந்த ஷிம்மும் காப்பாத்தாது.

இப்போ ஷிம். 0.1, 0.15, 0.2, 0.3, 0.5 மி.மீ. கலந்த பொட்டலம் ஒண்ணு போதும். நான் பெவல் கியர்லேருந்து ஆரம்பிக்கச் சொல்வேன், ஏன்னா மோட்டரோட பேசறது அதுதான். கூட்டின் பாதியில் பெவலை மட்டும் வச்சு, கிரிப்பையும் மோட்டரையும் பூட்டி, மோட்டர் நுனியில் இருக்கும் பினியனோட பல் பெவல் பல்லில் முழு அகலத்துக்கும் படுதான்னு பக்கவாட்டில் வெளிச்சம் வச்சுப் பாருங்க. அப்புறம் நடுவில் இருக்கும் ஸ்பர் கியர், கூட்டில் உரசாத அளவுக்கு எவ்வளவு தாழ்வா போகுமோ அவ்வளவு தாழ்வா. கடைசியா பிஸ்டனை இழுக்கும் செக்டர் கியர். அது ஸ்பரோட பெரிய சக்கரத்தையும், ஒரு சூட்டுக்கப்புறம் மின்சாரத்தை வெட்டற கட்-ஆஃப் லீவரையும் தொடக்கூடாது.

ஒவ்வொரு கியருக்கும் மேலும் கீழும் 0.05 முதல் 0.1 மி.மீ. ஆட்டம் இருக்கணும், கைல லேசா உணரும் அளவு. சோதிக்கும்போது கூட்டின் எல்லாத் திருகையும் பூட்டிட்டுத்தான் சோதிக்கணும். ரெண்டு திருகு மட்டும் போட்டுப் பார்த்தா சுகமா சுத்தும், முழுசா இறுக்கினதும் பிடிக்கும். விரலால் சுண்டினா கியர் ரயில் தானா ரெண்டு மூணு சுத்து ஓடி நிக்கணும்.

பல் உடையறதுக்கு முக்கியக் காரணம் செக்டரும் பிஸ்டனும் சந்திக்கும் கோணம். செக்டரின் முதல் பல், பிஸ்டனின் முதல் பல்லை முழு முகத்தோடு தள்ளணும். பெரும்பாலான கூட்டுல பிஸ்டன் கொஞ்சம் அதிகமா முன்னாடி நிக்கும், அதனால செக்டர் பல்லின் நுனி பிஸ்டன் பல்லின் ஓரத்தில் இடிக்கும். சரி பண்ற வழி இதுதான்:

கூட்டின் ஒரு பாதியில் சிலிண்டர், தலை, பிஸ்டன், செக்டர் மட்டும் வச்சு (ஸ்பிரிங் வேண்டாம்) பிஸ்டனை முன்னால் தள்ளிப் பிடிச்சு செக்டரை மெதுவா சுத்துங்க. தொடும் இடத்தைப் பாருங்க. சிலிண்டர் தலையிலிருக்கும் பழைய ரப்பரைப் பிடுங்கி, அதன் தடிமனை வெர்னியரில் அளந்து வைங்க. கோணம் நேராக எவ்வளவு பின்னாடி வரணுமோ அதைப் பழைய தடிமனோடு கூட்டினா புது பேட் (அடியை வாங்கும் ரப்பர் மெத்தை) தடிமன் வந்துடும். சோர்போதேன் பேட், ஷோர் ஓஓ 70 கடினம், 3 மி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான் பெரும்பாலும் முடியும். காத்துப் போக நடுவில் 6 மி.மீ. ஓட்டை. ஒட்டும் முன்னாடி தலையை ஆல்கஹால்ல துடைச்சு, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஜெல் வகை சூப்பர் க்ளூ. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். கிரீஸ் பட்ட இடத்தில் ஒட்டின பேட் நாலு மேகசினில் கழண்டு கியருக்குள் விழும்.

பிஸ்டன் பின்னாடி வந்ததும் செக்டர் பிஸ்டனின் ரெண்டாவது பல்லில் இடிக்கலாம். அந்த ரெண்டாவது பல் இருந்தா அதைத் தேய்ச்சு எடுத்துடுங்க. பிஸ்டன் பின்னால் போய் விடுபடும் இடம் மாறாது, ஓட்டம் மட்டும் பேட் கூடின அளவு குறையும். சக்தியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அடுத்தது காற்றடைப்பு. பிஸ்டன், சிலிண்டர், தலை, நாசில் (பிபியைப் பரலுக்குள் தள்ளும் குழல்) நாலையும் சேர்த்து, நாசில் வாயை விரலால் அடைச்சு பிஸ்டனைத் தள்ளுங்க. பாதியில் நின்னு பிடிச்சா நல்லது. கசிஞ்சா ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாருங்க: முதல்ல பிஸ்டன் ஓ-ரிங் (சுருங்கியிருந்தா வெந்நீரில் போட்டு லேசா இழுத்து மாட்டலாம்), அப்புறம் சிலிண்டர் தலை (டெஃப்லான் டேப் ஒரு சுத்து), அப்புறம் நாசில். எம்4 நாசில் நீளம் 21.2 முதல் 21.4 மி.மீ. குட்டையா இருந்தா ஹாப் ரப்பரில் (பிபியைச் சுழல வைக்கும் ரப்பர்) கசியும், நீளமா இருந்தா பிபி ஏறாது. உள்ளே ஓ-ரிங் உள்ள நாசிலே வாங்குங்க.

ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சு, கியர் பல்லுக்கு லித்தியம் கிரீஸ் கொஞ்சம். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊத வைக்கும். பரலுக்குள்ளேயும் ஹாப் ரப்பரிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம், அங்கே வழுக்கினா பிபி சுழலாது.

மூடும்போது ஸ்பிரிங் கடைசி. பின்பக்கமா ஸ்பிரிங் மாத்தற வசதி இல்லாத கூடுன்னா, ஸ்பிரிங் கைடுல ஒரு ஸ்க்ரூடிரைவரைச் சொருகிப் பிடிச்சுக்கிட்டே மூடுங்க, திறக்கும்போதும் அப்படியே. கண்ணாடி போடாம கியர்பாக்ஸ் திறக்காதீங்க.

நீலவாகை

ஹேண்ட்கார்டு பற்றி. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம்; 60 பாகை செல்சியஸை நெருங்கினாலே நெகிழ ஆரம்பிக்கும், வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் வளைந்துவிடும். பி.இ.டி.ஜி. போதும், வெயிலை இன்னும் நன்றாகத் தாங்க வேண்டுமானால் ஏ.எஸ்.ஏ. நிமிர்த்தி வைத்து அடித்தால் பார்க்க அழகு, ஆனால் அடுக்குகள் குறுக்கே வந்து, கீழே விழுந்தால் வளையம் வளையமாகப் பிளக்கும். நீளவாக்கில் படுக்க வைத்து, சுவர் 5 அல்லது 6 வரி, உள்நிரப்பு 30 விழுக்காடு. தாங்கலுக்காகச் சேர்த்து அடித்த பகுதியைப் பிய்த்தெடுக்கும் சிரமம் அதற்குத் தகும்.

திருகை நேரடியாக பிளாஸ்டிக்கில் பூட்டாதீர்கள். எம்3 பித்தளை இன்செர்ட்டைச் சூட்டில் இறக்குங்கள். பிரிண்டர் ஓட்டையை 0.1 முதல் 0.2 மி.மீ. சிறிதாக்கும், ஆகவே 4.0, 4.1, 4.2 மி.மீ. ஓட்டைகளுடன் ஒரு சோதனைத் துண்டு அடித்துப் பார்த்த பிறகே முழுப் பாகத்தை அடியுங்கள்.

பஃபர் குழாயும் (தோள்கட்டை மாட்டும் பின்குழாய்) அதன் மரையும் மட்டும் பிரிண்டில் வேண்டாம், உலோகமாக வாங்குங்கள். தோளில் வைத்து ஊன்றும்போது முழு நெம்பும் அந்த மரையில்தான் விழுகிறது. முனைப் பாகம் வரைவீர்களானால் ஏர்சாஃப்டின் மரை 14 மி.மீ. இடதுகை மரை என்பதை மறக்கவேண்டாம்.

உள் பரலின் வெளிவிட்டம் 8.5 மி.மீ. அளவு; வெளிப் பரலுக்குள் அது ஆடினால் பிபிகள் ஒரே இடத்தில் படாமல் சிதறும். முன்பக்கம் ஒரு ஓ-ரிங் போட்டு நடுவில் நிறுத்துங்கள். பலர் புதிய ஹாப் ரப்பருக்குச் செலவழித்த பின்தான் இதைப் பார்க்கிறார்கள்.

சாரல்

இடையில் ஒரு கேள்வி. இப்படிக் கட்டியதைச் சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்கு பார்சலில் அனுப்பலாமா?

திருகாணி

வேண்டாம். சிங்கப்பூரில உரிமம் இல்லாமல் ஏர்சாஃப்ட் துவக்கு வச்சிருக்கிறதே குற்றம். மலேசியாவிலயும் அனுமதி இல்லாமல் போலித் துவக்கு வச்சிருக்கேலாது. அவர்தான் மாட்டுப்படுவார்.

வடலி (லண்டன்)

எல்லாருக்கும் நன்றி. யூகாரா பதிவு இருக்கு, அதால கறுப்பாத்தான் கட்டினது. சிலிண்டர் மட்டும் இன்னும் மாத்தேல்லை. பேட் 3.2 மி.மீ., கோணம் நேரா வந்திட்டுது. இப்ப ரெண்டு பிரச்சினை.

ஒண்டு: 0.20இல 346 எஃப்பிஎஸ். 0.28இல 308.
ரெண்டு: செமியில (ஒரு இழுப்புக்கு ஒரு சூடு) அடிக்கடி ரெண்டு பிபி போகுது. ஒரு மேகசின் முடிய கிரிப்பும் கொதிக்குது, மோட்டர் கிரீச் எண்டு கத்துது.

திருகாணி

346 எண்டால் 1.11 ஜூல், மைதானத்தில விடுவினம். 308 எண்டால் 0.28இல 1.23 ஜூல். சட்ட எல்லைக்கு உள்ள நிக்குது, ஆனால் 1.14க்கு மேல. ஜூலில அளக்கிற மைதானத்தில திருப்பி அனுப்புவினம். அதைவிட, கிட்ட நிண்டு சுடுபடுற ஆளுக்கு அது நியாயமில்லை.

ஸ்பிரிங்கை வெட்டாதேயுங்கோ. வெட்டின நுனி கைடில சரியா இருக்காது, பிஸ்டன் சாய்ஞ்சு ஓடும். முதல் முக்கால் சிலிண்டரைப் போட்டு ரெண்டு நிறையிலயும் திருப்பி அளவுங்கோ. 0.28இல இன்னும் 296க்கு மேல நிண்டால் வலு குறைஞ்ச எம்95 ஸ்பிரிங். ஹாப்பை நீங்கள் விளையாடுற அளவுக்குத் திருகி வச்சுத்தான் அளக்கவேணும், ஹாப்பை மூடி வச்சு அளக்கிற எண் ஆட்டத்தில உங்களோட வராது. பத்துச் சூடு அளந்து, கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் இடையில 10 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல வித்தியாசம் இருந்தால் நாசிலுக்கும் ரப்பருக்கும் இடையில கசியுது.

கருங்காலி

கத்தறதும் சூடாகறதும் ஒரே நோய். மோட்டர் உயரத்தைப் பாருங்க. கிரிப் அடியில் இருக்கும் திருகை உள்ளே திருகத் திருகச் சத்தம் மாறும். ரொம்ப உள்ளே போனா பினியன் பெவல்ல இறுகி, மோட்டர் சுமையில் சூடாகும், ரொம்ப வெளியே இருந்தா பல் நுனியில் மட்டும் பட்டுக் கத்தும். கால் சுத்து கால் சுத்தா வெளியே எடுத்து, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு செமி சுட்டுக் கேளுங்க. சத்தம் தணிஞ்சு கனமா வர்ற இடத்தில் நிறுத்தி, திருகில் லேசான மரைப்பசை ஒரு துளி. எந்த உயரத்திலும் கத்தல் போகலைன்னா பெவல் ஷிம் தப்பு, திரும்பத் திறந்துதான் ஆகணும்.

ரெண்டு பிபி போறதுக்குக் காரணம் ரெண்டு இருக்கலாம். 7.4 வோல்ட் பேட்டரி போட்டு இருபது செமி சுட்டுப் பாருங்க. அதில் ஒண்ணு ஒண்ணா போனா, 11.1 வோல்ட்டில் மோட்டர் வேகம் அடங்காம செக்டர் அடுத்த சுத்துக்கும் ஓடிடுது. அதுக்குத் தீர்வு பிரேக் உள்ள மாஸ்ஃபெட், இல்லேன்னா பெருன், கேட் டைட்டன் மாதிரி செக்டர் நிலையைப் படிக்கிற போர்டு. பிரேக்கை முழு வலுவில் வைக்காதீங்க, அதுவும் மோட்டரைச் சூடாக்கும், பிரஷ்ஷையும் தின்னும். இரட்டை நிக்கற மிகக் குறைஞ்ச அளவு போதும். 7.4இலும் ரெண்டு போனா கட்-ஆஃப் லீவர் சரியா எழும்பலை. செக்டர் ஷிம் உயரமா இருந்து அதன் கேம் லீவரை ஓரத்தில் மட்டும் தொடுதான்னு பாருங்க.

திறக்கும்போது பிஸ்டன் பல்லையும் பார்த்துடுங்க. முதல் பல் மட்டும் உருண்டிருந்தா கோணம் இன்னும் சரியில்லை, இல்லேன்னா பேட் கழண்டிருக்கு. நடுப் பல்கள் சீவின மாதிரி இருந்தா, பிஸ்டன் முன்னாடி போய்ச் சேர்றதுக்குள்ள செக்டர் திரும்ப வந்து பிடிச்சிருக்கு. அது வேகக் கோளாறு. 22 டி.பி.ஏ. மோட்டரில் இப்போ அந்த ஆபத்து குறைவு. ஆனா நாளைக்கு 13:1 கியரும் வேக மோட்டரும் போட்டு, எம்95இல் நொடிக்கு முப்பது சூட்டைத் தாண்டப் பார்த்தீங்கன்னா அதுதான் நடக்கும்.

வடலி (லண்டன்)

7.4இல ஒண்டு ஒண்டாத்தான் போகுது. அப்ப பிரேக் உள்ள மாஸ்ஃபெட் எடுக்கிறன். வயர் மாத்தோணுமோ? இப்ப மினி டாமியா கனெக்டர்.

கருங்காலி

மாத்துங்க. மினி டாமியா இந்த மின்னோட்டத்துக்குச் சூடாகும், டீன்ஸ் கனெக்டர் போடுங்க. வயர் 16 கேஜ் நல்லதுதான், ஆனா வி2 கூட்டின் வயர்த் தடத்தில் பிதுங்கிச் செக்டரில் உரசும். வெள்ளி பூசின 18 கேஜ் அழகா உட்காரும். கூடு மூடும் இடத்தில் வயர் நசுங்குதான்னு ரெண்டு தடவை பாருங்க, நசுங்கினா லைப்போ நேரா ஷார்ட். பேட்டரி வயரில் ஒரு ஃப்யூஸ் இருக்கட்டும். ஒவ்வொரு முனையா வெட்டிச் சால்டர் பண்ணுங்க, ரெண்டையும் ஒண்ணா வெட்டினா கத்திரிக்கோலே ஷார்ட்டாகும்.

சார்ஜ் பேலன்ஸ் சார்ஜரில், 1300 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 1.3 ஆம்பியர். ஆட்டம் இல்லாத வாரம் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைங்க. வீங்கின பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் பண்ணாதீங்க.

திருகாணி

சோதிச்சுச் சுடுறதை கராஜுக்குள்ள, கதவைப் பூட்டிப்போட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கோ. தோட்டத்தில கறுப்பு எம்4ஓட நிண்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஆயுதப் பொலிசைக் கூப்பிடுவினம், அவையில பிழை சொல்லேலாது. தக்க காரணம் இல்லாமல் போலித் துவக்கைப் பொது இடத்தில வச்சிருக்கிறதும் குற்றம், ஆனபடியால் மைதானத்துக்குப் போகேக்க மூடின பையில, பேட்டரியும் மேகசினும் கழட்டி. மேகசின் கழட்டினாலும் ஹாப்புக்குள்ள ஒரு பிபி நிக்கும், செமியில ரெண்டு தரம் வெறுஞ்சூடு சுட்ட பிறகு பையில வையுங்கோ. அப்பிடிச் செய்தால் ஸ்பிரிங்கும் பாதி இழுபட்டு நிக்காது.